குறள் 550-ம் திகார் 3-ஆம் எண் சிறையும்

ஜனக்புரி | மார்ச் 20, 2026, காலை 7.10

நிர்பயா வழக்கில் நால்வரைத் தில்லி திகார் சிறையில் தூக்கிலிட்டு இன்றோடு 6 ஆண்டு. வருஷா வருஷம் இந்த நாளில் யாராவது 'தூக்கு பாவமா' என்று ஆரம்பிக்கிறார்கள். வள்ளுவர் ஒரே குறளில் முடித்துவிட்டார்:

கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ்
களைகட் டதனொடு நேர்.

களை பிடுங்கியவனுக்கு என்ன பாவம்? இதில் மதத்துக்கு என்ன வேலை? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முனிர்க்கா | மார்ச் 20, காலை 8.45

முதல் சொல்லிலேயே இடம் இருக்கிறது சார். 'கொலையின்' என்பதைப் பரிமேலழகர் 'கொலையான்' என்று எடுக்கிறார். அதாவது கொடியவரைக் கொன்று தண்டித்தல். யார் அந்தக் கொடியவர் என்று பட்டியலும் தருகிறார்: தீக்கொளுவுவார், நஞ்சிடுவார், கருவியில் கொல்வார், கள்வர், ஆறலைப்பார் என்று போகிறது. கள்வரும் உண்டு, கவனியுங்கள். இந்த உரையைச் சட்டமாக்கினால் திருட்டுக்கும் தூக்கு.

அதே சொல்லை 'கொலையைவிட' என்றும் கொள்ளலாம். 'கொலையினும் கொடியவரை அரசன் தண்டிப்பது' என்று படித்தால் தண்டனை உண்டு, அது சாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டுக்கும் இலக்கணம் இடம் தருகிறது.

அதே வள்ளுவர்தான் 327-இல் 'தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது இன்னுயிர் நீக்கும் வினை' என்கிறார். முரண் இல்லை என்பவர்கள் இயலைக் காட்டுவார்கள்: கொல்லாமை துறவறவியல், செங்கோன்மை பொருட்பாலில் அரசியல். தனிமனிதனுக்கு ஒரு நெறி, அரசுக்கு ஒரு நெறி. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அரசுக்குக் கை கிடையாதே. விசையை இழுப்பது ஒரு ஆள். அவருக்கு எந்த அதிகாரம் பொருந்தும், 33-ஆ 55-ஆ? மத நூல்கள் அரசனைப் பற்றிப் பேசும், நீதிபதியைப் பற்றிப் பேசும், குற்றவாளியைப் பற்றிப் பேசும். அந்தக் கையைப் பற்றி எதுவும் பேசுவதில்லை.

முனிர்க்கா | மார்ச் 20, காலை 9.05

561-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து.' முதலில் நாடணும், அப்புறம்தான் ஒறுப்பு. கோவலன் கதையில் நாடல் இல்லை. 'கன்றிய கள்வன் கையது ஆகின் கொன்று அச்சிலம்பு கொணர்க' என்று ஒரே மூச்சில் உத்தரவு. போன காவலர்கள் தயங்குகிறார்கள், ஒருவர் 'இவன் முகத்தைப் பார்த்தால் கள்வன் மாதிரித் தெரியவில்லை' என்கிறார். பொற்கொல்லன் பேசிப் பேசிக் கரைக்கிறான். கடைசியில் வாளை வீசியது யார்? 'கல்லாக் களிமகன்' ஒருவன். கள் குடித்தவன். தயங்கியவர்கள் எல்லாம் பக்கத்தில் நிற்கிறார்கள்.

கரோல் பாக் | மார்ச் 20, பகல் 12.30

அந்த நால்வருக்கு 2020-இல் எத்தனை தூக்கு வாரண்ட் போட்டார்கள்? ஒவ்வொன்றும் ஏன் தள்ளிப்போனது? அப்போது டிவியில் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை.

முனிர்க்கா | மார்ச் 20, பகல் 1.50

மூன்று. ஜனவரி 22, பிப்ரவரி 1, மார்ச் 20. பாட்டியாலா ஹவுஸ் கோர்ட்.

முனிர்க்கா | மார்ச் 20, இரவு 9.40

மேலே தப்பு. நான்கு வாரண்ட். பிப்ரவரி 1-க்கும் மார்ச் 20-க்கும் நடுவே மார்ச் 3, காலை 6 மணி என்று ஒன்று இருந்தது. விட்டுவிட்டேன்.

தள்ளிப்போனதற்கு இரண்டு கணக்கு. ஒன்று, 14 நாள். கருணை மனுவைக் குடியரசுத் தலைவர் நிராகரித்த தகவல் கிடைத்த பிறகு குறைந்தது 14 நாள் விடணும். 2020-இல் முதல் மனு ஜனவரி 17-இல் தள்ளுபடி, அதனால்தான் 22 போய்ப் பிப்ரவரி 1 வந்தது. இரண்டு, தில்லி சிறை விதிகள் 2018-இன் 836-ஆம் விதி. ஒரே வழக்கில் பலருக்குத் தூக்கு என்றால், ஒருவருடைய மனு நிலுவையில் இருந்தாலும் மற்றவர்களுக்கும் நிறுத்தணும். நால்வரும் ஒரே நேரத்தில் மனுப் போடவில்லை. ஒருவர் சீராய்வு (ரிவ்யூ), இன்னொருவர் மறுசீராய்வு (க்யூரேட்டிவ்), அடுத்தவர் கருணை மனு. தனித்தனியாகத் தூக்கிலிட அனுமதி கேட்டு மத்திய அரசே ஹைகோர்ட் போனது. பிப்ரவரி 5-இல் முடியாது என்று தீர்ப்பு, மிச்சம் இருக்கும் மனுக்களைப் போட ஒரு வாரக் கெடு. கடைசி மனுவை உச்ச நீதிமன்றம் கேட்டது மார்ச் 20 அதிகாலை 2.30 மணிக்கு மேல். கேட்ட அமர்வின் தலைவர் நீதிபதி ஆர். பானுமதி, நம்ம தமிழ்நாட்டுக்காரர். 5.30-க்குத் தூக்கு.

அன்றைக்கு எல்லோரும் 'சட்ட ஓட்டை' என்று கத்திய 836-க்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

முனிர்க்கா | மார்ச் 21, காலை 7.30

ஹர்பன்ஸ் சிங் வழக்கு, உத்தரப் பிரதேசம். ஒரே கொலைச் சம்பவம், மூவருக்கும் ஒரே பங்கு, மூவருக்கும் தூக்கு. தனித்தனியாக உச்ச நீதிமன்றம் வந்தார்கள். ஜீதா சிங்கின் மனு 1976-இல் தள்ளுபடி. கஷ்மீரா சிங்குக்கு 1977-இல் வேறொரு அமர்வு ஆயுளாகக் குறைத்தது. ஹர்பன்ஸ் சிங்கின் மனுவும் தள்ளுபடி. 'கூட இருந்தவனுக்குக் குறைத்திருக்கிறார்கள்' என்பதை யாரும் அமர்வின் கண்ணில் காட்டவில்லை. மிச்சம் இருந்த இருவருக்கும் 1981 அக்டோபர் 6 என்று தேதி வைத்தார்கள். ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் ரிட் போட்டுத் தடை வாங்கினார். ஜீதா சிங் போடவில்லை. அன்றைக்கே தூக்கு.

மூவருக்கும் ஒரே குற்றம். ஒருவர் ஆயுள், ஒருவர் தப்பினார், ஒருவர் செத்தார். யாருடைய கெட்ட எண்ணமும் காரணமில்லை. ஃபைலில் ஒரு குறிப்பு இல்லை, அவ்வளவுதான். அதன் பிறகுதான், தூக்குக்கு முன்னால் கூட்டுக் குற்றவாளி யாருக்காவது தண்டனை குறைந்திருக்கிறதா என்று சிறைக் கண்காணிப்பாளர் நேரடியாகச் சரிபார்க்க வேண்டும் என்று கோர்ட் உத்தரவிட்டது.

இதே மாதிரி இன்னொன்று. ராஜஸ்தானில் ராவ்ஜி என்பவரை 1996-இல் தூக்கிலிட்டார்கள். குற்றத்தை மட்டும் பார், குற்றவாளியைப் பார்க்காதே என்ற போக்கில் அந்தத் தீர்ப்பு இருந்தது. 1980 பச்சன் சிங் தீர்ப்பு அதற்கு நேர் எதிராக இரண்டையும் பார் என்கிறது. ராவ்ஜி தீர்ப்பு தவறான அடிப்படையில் வந்தது என்று 2009-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 13 ஆண்டு கழித்து. 2012-இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் இதைச் சுட்டிக்காட்டிக் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். களை பிடுங்குகிறவன் பயிரைப் பிடுங்கிவிட்டால் திரும்ப நடலாம், ஜனக்புரி சார். இதில் நட முடியாது.

மயூர் விஹார் | மார்ச் 21, காலை 11.15

'கையைப் பற்றி மதம் பேசவில்லை' என்று முனிர்க்கா எழுதியது சரியில்லை. பைபிளில் உபாகமம் 17:7 பாருங்கள். சாவுத் தண்டனை என்றால் முதல் கல்லைப் போடுவது சாட்சி சொன்னவனின் கை. அதற்குப் பிறகுதான் ஊரார். 'பார்த்தேன்' என்று சொல்கிறவனுக்குத் தன் கையாலேயே அதைச் செய்யணும் என்று தெரிந்தால் வாய் கொஞ்சம் நிதானிக்கும். யோவான் 8-இல் இயேசு கேட்டதும் இந்த முதல் கல்லைத்தான்: பாவமில்லாதவன் முதலாவது போடட்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ரோமர் 13:4, அதிகாரி பட்டயத்தை வீணாய்ப் பிடித்திருக்கவில்லை என்கிறது. தண்டனையை ஆதரித்த சபைகள் நூற்றாண்டுக் கணக்கில் அந்த வசனத்தில்தான் நின்றன. கத்தோலிக்கத் திருச்சபை 2018 ஆகஸ்டில் தன் மறைக்கல்வி நூலின் 2267-ஆம் பத்தியை மாற்றியது. இனி மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்கிறது போப் பிரான்சிஸ் கொண்டுவந்த வாசகம்.

முனிர்க்கா | மார்ச் 21, பகல் 12.40

ஒப்புக்கொள்கிறேன். நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன். யோசிக்க யோசிக்க இன்னும் வருகிறது.

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் சன்ஹெத்ரின் பகுதி. தண்டனைக்கு ஆளை அழைத்துப் போகும்போது நீதிமன்ற வாசலில் ஒருவர் துணியைக் கையில் பிடித்து நிற்பார். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒருவர் குதிரைமேல். உள்ளே யாராவது 'இவனுக்குச் சாதகமாக ஒன்று சொல்லணும்' என்றால் துணி அசையும், குதிரை பறக்கும், ஊர்வலம் நிற்கும். கைதியே 'எனக்கு ஒன்று தோன்றுகிறது' என்றாலும் திரும்பக் கூட்டிவரணும், நான்கைந்து தடவையானாலும், சொல்வதில் சரக்கு இருந்தால். அதிகாலை 2.30-க்கு நீதிமன்றத்தைத் திறந்ததைக் கேலி செய்தவர்கள் இதை ஒரு தடவை படிக்கணும்.

அதே மிஷ்னாவின் மக்கோத் பகுதியில் ரபிகளுக்குள் ஒரு வாக்குவாதம் உண்டு. ஏழு ஆண்டில் ஒருவரைக் கொன்ற நீதிச்சபை நாசகாரச் சபை என்கிறார்கள். எழுபது ஆண்டில் ஒருவர் என்றாலே அப்படித்தான் என்கிறார் எலெயாசர் பென் அசரியா. நாங்கள் இருந்திருந்தால் ஒருவரும் செத்திருக்க மாட்டார் என்கிறார்கள் தர்ஃபோனும் அகிவாவும். அப்படிச் செய்தால் கொலைகாரர்கள்தான் பெருகுவார்கள் என்று சிமியோன் பென் கமாலியேல் மடக்குகிறார். அதை நூல் மறைக்காமல் அப்படியே வைத்திருக்கிறது.

ஓக்லா | மார்ச் 21, மாலை 5.20

எங்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். இஸ்லாம் என்றால் தலைவெட்டு என்று மட்டும் நினைக்கிறார்கள். கொலை வழக்கில் உரிமை செத்தவரின் வாரிசுக்கு. குர்ஆன் 2:178: பழிக்குப் பழி உண்டு, ஆனால் சகோதரனிடமிருந்து மன்னிப்புக் கிடைத்தால் நல்ல முறையில் ஈட்டுத்தொகை கொடுக்கட்டும். கொன்றவனுக்கும் கொல்லப்பட்டவனின் குடும்பத்துக்கும் நடுவே 'சகோதரன்' என்ற சொல்லைப் போடுகிறது வசனம். 17:33, வாரிசுக்கு அதிகாரம் தந்தோம், கொல்வதில் அவன் வரம்பு மீறக் கூடாது என்கிறது. ஏமனில் இருக்கும் கேரளச் செவிலியர் நிமிஷா பிரியாவுக்கு 2025 ஜூலை 16 என்று மரண தண்டனைக்குத் தேதி குறித்து, பிறகு தள்ளிவைத்தார்களே, அங்கே கதவு திறந்திருப்பது இந்த வழியில்தான்.

இதிலும் குறை உண்டு, மறைக்கவில்லை. பணம் இருக்கிறவன் தப்புவான், இல்லாதவன் சாவான்.

முனிர்க்கா | மார்ச் 21, மாலை 6.00

ஓக்லா பாய் சொன்னது இந்த நாட்டிலும் இருந்தது. கம்பெனி ஆட்சியில் வங்காளத்தில் இஸ்லாமியக் குற்றச் சட்டம்தான் ஓடியது. 1790களில் காரன்வாலிஸ் காலத்து ஒழுங்குமுறைகள், வாரிசு மன்னித்தாலும் அரசு விடாது என்று மாற்றின. அன்றிலிருந்து கொலை அரசுக்கு எதிரான குற்றம். குடும்பம் வெறும் சாட்சி. காந்தி கொலையில் மகன்கள் மணிலாலும் ராம்தாசும் கோட்சேயைத் தூக்கிலிட வேண்டாம் என்று கேட்டார்கள். 1949 நவம்பர் 15-இல் அம்பாலாவில் தூக்கு. அந்தக் குரலுக்குச் சட்டத்தில் இடமில்லை. அரசு காது கொடுத்தால் உண்டு. நளினிக்காக சோனியா காந்தி கேட்டதும், 2000-இல் தமிழக ஆளுநர் ஆயுளாகக் குறைத்ததும் அந்த வகை.

கரோல் பாக் | மார்ச் 22, காலை 10.00

அசோகர் மரண தண்டனையையே ஒழித்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே? அதை யாரும் சொல்லவில்லையே.

முனிர்க்கா | மார்ச் 22, காலை 11.35

ஒழிக்கவில்லை மேடம். அவர் செய்தது என்ன என்பதற்குச் சாட்சி தில்லியிலேயே நிற்கிறது. ஃபெரோஸ் ஷா கோட்லாவில் மொட்டைமாடி மாதிரி ஏறிப்போனால் உச்சியில் ஒரு தூண். 14-ஆம் நூற்றாண்டில் ஹரியாணா தோப்ராவிலிருந்து ஃபெரோஸ் ஷா கொண்டுவந்தது. அதில் இருக்கும் நான்காம் சாசனத்தில், சாவுத் தண்டனை முடிவான கைதிக்கு 3 நாள் அவகாசம் தருகிறார், முடிசூடி 26 ஆண்டு ஆன பிறகு. அந்த 3 நாளில் உறவினர் போய் உயிருக்கு மன்றாடலாம். மன்றாட ஆளில்லாதவன் தானம் செய்யலாம், நோன்பிருக்கலாம், மறுமைக்காக.

கலிங்கத்துக்கு அழுதவர்கூடத் தூக்கை விடவில்லை என்பது ஒரு வருத்தம். ஆனால் அந்த 3 நாளைக் குறைவாக எடைபோடாதீர்கள். 2013-இல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கின் அப்சல் குருவின் கருணை மனு பிப்ரவரி 3-இல் தள்ளுபடி, 9-ஆம் தேதி திகாரில் தூக்கு. காஷ்மீரில் குடும்பத்துக்கு ஸ்பீட் போஸ்ட் போய்ச் சேர்ந்தது 11-ஆம் தேதி. கல்வெட்டு தந்த 'உறவினர் மன்றாடட்டும்' என்பதுகூட அங்கே நடக்கவில்லை. அடுத்த ஆண்டு, 2014 ஜனவரி 21, தலைமை நீதிபதி சதாசிவம் அமர்வு சத்ருகன் சவுகான் வழக்கில் 15 பேருக்குத் தண்டனையைக் குறைத்தது. 14 நாள் அவகாசம், குடும்பத்துக்குத் தகவல், கடைசிச் சந்திப்பு, பிரேதப் பரிசோதனை எல்லாம் கட்டாயம் என்று எழுதியதும் அதில்தான். கோட்லா தூணுக்கும் அந்தத் தீர்ப்பு வந்த கட்டடத்துக்கும் நடந்தே போகலாம்.

ஜனக்புரி | மார்ச் 22, இரவு 8.15

எல்லாம் படித்தேன். இன்னும் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. இந்து தர்மப்படி இழுத்தவருக்குப் பாவம் உண்டா, இல்லையா?

முனிர்க்கா | மார்ச் 22, இரவு 11.20

மனுஸ்மிருதி 8.318: பாவம் செய்தவன் அரசனால் தண்டிக்கப்பட்டால் மாசு நீங்கிப் புண்ணியவானைப் போலச் சொர்க்கம் போவான். அப்படியென்றால் தண்டனை ஒரு சுத்திகரிப்பு, ஏறக்குறைய உபகாரம். அதே மனு 10.56-இல் அந்த உபகாரத்தை யார் செய்யணும் என்கிறார்? சண்டாளர். கூலி? செத்தவனின் துணி, படுக்கை, நகை. சொர்க்கத்துக்கு அனுப்பும் வேலை அத்தனை புனிதம் என்றால் அதை ஏன் ஊருக்கு வெளியே தள்ளி வைத்தவர் கையில் கொடுக்கணும்? எனக்கு இந்த இடத்தில் கோபம் வருகிறது. தண்டனை சுத்தம், தண்டிப்பவன் அசுத்தம் என்று இரண்டு கணக்கு எழுதியிருக்கிறார்கள். குறள் 329-உம் கொலைவினையரைப் 'புலைவினையர்' என்கிறது.

மகாபாரதம் சாந்தி பருவத்தில் இதற்கு மாற்று இருக்கிறது. அரசன் தியுமத்சேனன் கைதிகளைக் கொலைத் தண்டனைக்குக் கூட்டிப் போகச் சொல்கிறான், மகன் சத்தியவான் தடுக்கிறான்: ஒருவனைக் கொன்றால் அவன் மனைவி, தாய், தந்தை, பிள்ளை எல்லோரையும் சேர்த்துக் கொல்கிறாய். அப்பா விடவில்லை, காலம் கெட்டுவிட்டது, பழைய மாதிரி திட்டி விட்டால் அடங்க மாட்டார்கள் என்கிறார். இரண்டு பேர் வாதமும் இன்றைக்கு டிவியில் கேட்பதுதான்.

பௌத்தத்தில் நேராகவே உங்கள் கேள்வி வருகிறது. தம்பதாடிகன் என்று ஒரு கொலைஞன், செந்தாடிக்காரன். 55 ஆண்டு ராஜாவுக்காகத் தலை வெட்டினான். ஓய்வுபெற்ற நாளில் சாரிபுத்தருக்குக் கஞ்சி கொடுக்கிறான். அவர் தர்மம் சொல்ல, இவன் மனம் நிலைகொள்ளவில்லை, வெட்டியதெல்லாம் கண்முன் வருகிறது. சாரிபுத்தர் கேட்கிறார்: நீயாகச் செய்தாயா, செய்வித்தார்களா? ராஜா செய்வித்தார். அப்படியானால் உன் பாவமா? மனம் அடங்கியது. 'பாவமில்லை' என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார், தவிக்கிறவன் தர்மம் கேட்பதற்காக. அந்தக் கேள்வி ராஜாவை நோக்கித் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு பௌத்தக் கதை: 20 ஆண்டு காசியை ஆண்டு தண்டனை கொடுத்ததற்காக 80,000 ஆண்டு நரகத்தில் கிடந்ததை நினைத்து, மறுபிறவியில் அரசனாகாமல் இருக்க ஊமையாகவே நடித்த இளவரசன் தெமியன்.

மயூர் விஹார் | மார்ச் 23, காலை 9.10

இன்றைக்கு அந்த 'செய்வித்தவர்' யார்? கையெழுத்துப் போடுவது யார் யார்?

முனிர்க்கா | மார்ச் 23, பகல் 1.30

செஷன்ஸ் நீதிபதி தீர்ப்பு எழுதுவார், ஆனால் ஹைகோர்ட் உறுதி செய்யாமல் அது நிறைவேறாது. உச்ச நீதிமன்றம், சீராய்வு, மறுசீராய்வு. குடியரசுத் தலைவர் 72-ஆம் பிரிவின்கீழ் நிராகரிப்பார், அமைச்சரவை ஆலோசனைப்படி. பிறகு மறுபடி செஷன்ஸ் கோர்ட், கருப்பு வாரண்ட், அதாவது தூக்கு வாரண்ட். ஒவ்வொருவருக்கும் 'எனக்கு மேலே ஒருவர் இருக்கிறார்' அல்லது 'எனக்குக் கீழே ஏற்கெனவே முடிவாகிவிட்டது' என்று சொல்ல வழி உண்டு.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, 42-ஆம் படிவம். 2020-இல் இருந்தது இதுதான். சிறைக் கண்காணிப்பாளருக்கு முகவரியிட்டது. இன்னாரை இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் 'சாகும்வரை கழுத்தில் தூக்கிலிடப்படச் செய்து', நிறைவேறியது என்று மேலெழுதி இந்த வாரண்டைத் திருப்பி அனுப்பவும் என்கிறது. 'தூக்கிலிட்டு' இல்லை, 'தூக்கிலிடப்படச் செய்து'. கைதியின் பெயருக்குக் கோடு இருக்கிறது, நீதிபதிக்குக் கோடு இருக்கிறது, இடத்துக்கும் நேரத்துக்கும் இருக்கிறது. விசையை இழுப்பவருக்கு அந்தத் தாளில் ஒரு கோடுகூட இல்லை.

அன்று காலை: கண்காணிப்பாளர், துணைக் கண்காணிப்பாளர், மருத்துவ அதிகாரி, மாவட்ட மாஜிஸ்ட்ரேட் அல்லது கூடுதல் மாஜிஸ்ட்ரேட். கடைசி நேரத்தில் தடை உத்தரவு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கைதிக்குப் புரியும் மொழியில் வாரண்டை வாசிப்பார்கள். கைதி விரும்பினால் அவர் மதத்துப் பூசாரி ஒருவர் வரலாம். மற்றக் கைதிகள் எல்லோரும் அறைக்குள், உடல் வெளியே போகிறவரை. உடலை அரை மணி நேரம் இறக்கக் கூடாது, உயிர் போய்விட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் இறக்கணும். தூக்கில் பங்கெடுப்பது மருத்துவ அறத்துக்கு விரோதம் என்று உலக மருத்துவச் சங்கம் 1981-லேயே தீர்மானம் போட்டிருக்கிறது. நம் விதியில் மருத்துவர் பக்கத்திலேயே நிற்கிறார்.

திகாரில் நிரந்தரமாக ஜல்லாத் (தூக்கிலிடுபவர்) கிடையாது. 2020-இல் மீரட்டிலிருந்து வரவழைத்தார்கள், தலைமுறையாக அந்த வேலை பார்க்கும் குடும்பத்திலிருந்து. 2013-இல் சிறை ஊழியர் ஒருவரே இழுத்தார் என்று செய்தி வந்தது. மனு 10.56-இலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று நீங்களே பாருங்கள்.

ஜனக்புரி | மார்ச் 23, இரவு 10.05

விவாதமே வேண்டாம் என்று ஆரம்பித்தவன் நான், அதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நடந்ததை நினைத்தால் அந்த நால்வருக்குத் தூக்கு தப்பு என்று இன்றும் என் வாயில் வராது. மீரட்காரர் கையில் மட்டும் ஏன் என்பதுதான் உறுத்துகிறது. மனுநீதிச் சோழன் மாதிரி தீர்ப்புச் சொன்னவரே செய்யணும் என்று சட்டம் போட்டால் என்ன?

முனிர்க்கா | மார்ச் 24, காலை 6.50

அந்தத் தாயின் ஏழாண்டு நடையைப் பார்த்தவர் யாரும் உங்கள் கோபத்தைத் தப்பு என்று சொல்ல மாட்டார். எனக்குத் தூக்கு வேண்டாம், உங்களுக்கு வேண்டும், அது அப்படியே இருக்கட்டும்.

மனுநீதிச் சோழன் கதையில் எல்லோரும் தேரையும் கன்றையும் சொல்வார்கள், நடுவில் ஒருவரை விட்டுவிடுவார்கள். சேக்கிழார் விடவில்லை. அரசன் முதலில் தான் ஏறவில்லை. மந்திரி ஒருவரைக் கூப்பிட்டு, என் மகன் மேல் தேரை ஓட்டு என்கிறான்.

'அன்னவனும் அதுசெய்யாது அகன்றுதன் ஆருயிர் துறப்பத்
தன்னுடைய குலமகனைத் தான்கொண்டு மறுகணைந்தான்.'

அந்த மந்திரி செய்ய மறுத்துச் செத்துப்போனார். அதற்கு அப்புறம்தான் அரசன் தேரில் ஏறுகிறான். கடைசியில் சிவபெருமான் கன்றையும் எழுப்புகிறார், மகனையும் எழுப்புகிறார், மந்திரியையும் எழுப்புகிறார்.

கரோல் பாக் | மார்ச் 24, காலை 7.25

மந்திரியும் எழுந்தாரா? இத்தனை வருஷம் அவர் கதையில் இருப்பதே தெரியாது.